இரண்டு பழைய லென்ஸ் போதும்!
– இறுதியாண்டு, இயந்திரவியல் துறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளம் கடற்கரைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள் நண்பர்களே! அலைமேல் பலகையில் நின்று சீறிக்கொண்டு வருகிறவர்களில் பலர் அந்தக் குப்பத்துப் பையன்கள். கரையில் முக்காலி போட்டு, முழங்கை நீள லென்ஸ் வைத்துப் படம் எடுக்கிறவர்களோ வெளியூர்க்காரர்கள். படம் அவர்களுடைய மெமரி கார்டோடு போய்விடுகிறது. நம் துறையில் ஒரு ஜூனியர் இருக்கிறான். மீனவக் குடும்பம், சின்ன வயதிலிருந்தே கடலில் கிடக்கிறவன். ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, "நல்ல ஆக்‌ஷன் போட்டோ ரெண்டு கொடுப்பா" என்று கேட்டிருக்கிறார்கள். அவனிடம் இருந்தது, தூரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிற செல்போன் படம்! 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே பக்கத்து மாமல்லபுரத்தில்தான் நடந்தது. கடல் நம்முடையது, காமிரா மட்டும் அடுத்தவர் கையில்!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அதுக்கெல்லாம் லட்சக்கணக்குல லென்ஸ் வேணும் மச்சி!" இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை நம்பித்தான் பார்ட்-டைம் வேலைக்குப் போய், மாதத் தவணையில் ஒரு பெரிய லென்ஸ் வாங்கிவிட்டு, செமஸ்டர் பீஸ் கட்ட வீட்டில் கையேந்துகிறார்கள் சிலர். என் கட்சி இதுதான்: அலைச்சறுக்குக்கு ஒன்று, மேக்ரோவுக்கு ஒன்று, இரண்டுமே பழசு. காரணம், விலை உயர்ந்த லென்ஸ் எந்த வசதிகளுக்காகக் காசு வாங்குகிறதோ, அந்த வசதிகள் இந்த இரண்டு வேலைக்கும் பெரும்பாலும் தேவையே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே, நமக்கென்ன கணக்குப் புதுசா? நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழி. இது பிலிம் காலத்து விதி, இன்றைக்கும் பொய்யாகவில்லை. ஐ.எஸ்.ஓ. 400 வைத்து, அபர்ச்சரை எஃப் 5.6க்குத் திறந்தால் மூன்று ஸ்டாப் லாபம். ஷட்டர் 1/3200 நொடி. அலையில் பறக்கிறவனை அசையாமல் நிறுத்த 1/1000 இருந்தாலே போதும். அப்புறம் எஃப் 2.8 எதற்கு? கல்யாண மண்டபத்து இருட்டுக்கு அது வேண்டும், கடற்கரை வெயிலுக்கு வேண்டாம். அதே போலத்தான் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஐ.எஸ்., வி.ஆர். சமாச்சாரமும். 1/2000 நொடியில் உங்கள் கை எங்கே நடுங்கப் போகிறது?

இனி நீளம். டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் சாதாரண வகையின் சென்சார் உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். 250 மி.மீ. லென்ஸில் 100 மீட்டர் தூரத்தைப் பார்த்தால், ஒத்த முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள், படத்தில் அடங்கும் உயரம் 6 மீட்டர். குனிந்து நிற்கும் ஆள் ஒன்றரை மீட்டர் என்றால் படத்தில் கால்வாசி. 24 மெகாபிக்சல் காமிராவில் அது ஆயிரம் பிக்சல் உயரம். கேட்ட போட்டோவைக் கொடுக்க இது தாராளம்! 400 மி.மீ. என்றால் ஆள் படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வருவான், அழகுதான். கேனனின் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் 1993இல் வந்தது. ஐ.எஸ். கிடையாது, ஒன்றேகால் கிலோ. இந்த வேலைக்கென்றே செய்தது போலிருக்கும், ஆனால் பழசிலும் நமக்குக் கைக்கெட்டாத விலைதான். எனவே முதல் லென்ஸாக நான் சொல்வது கேனன் 55-250. அதிலும் 2013இல் வந்த எஸ்.டி.எம். வகையாகத் தேடுங்கள். நிகான்காரர்களுக்கு 2006இல் வந்த 70-300 வி.ஆர். பழசு விற்கும் இடங்களில் இவை இரண்டும் சாதாரணமாக அகப்படும்.

அகப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2018இல் கேனனும் நிகானும் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் காமிராக்களுக்குப் புது மவுண்ட் கொண்டுவந்தன. ஸ்டூடியோக்காரர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாற, பழைய லென்ஸ் எல்லாம் சந்தைக்கு வருகிறது. அவர்கள் மாறுவது நமக்கு நல்லது!

மவுண்ட் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கேனனில் 1987க்குப் பிறகு வந்த இ.எஃப். லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய எஃப்.டி. வகை இ.ஓ.எஸ். பாடியில் நேராக மாட்டாது. நிகானில் 1959லிருந்து மவுண்ட் ஒன்றேதான், ஆனால் அதற்குள் ஆயிரம் கிளைக்கதை. டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் போகஸ் மோட்டார் இல்லை. அதனால் வெறும் ஏ.எஃப். லென்ஸ் மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். ஏ.எஃப்.-எஸ். என்று எழுதியிருக்க வேண்டும். புதிய ஏ.எஃப்.-பி. லென்ஸோ டி90, டி3100, டி7000 போன்ற பழைய பாடிகளில் போகஸே ஆகாது. எனவே கடைக்குப் போகும்போது உங்கள் பாடியைக் கையோடு கொண்டு போங்கள். "எல்லாத்துக்கும் செட் ஆகும் தம்பி" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் சரி, மாட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

மேக்ரோவில் கதை தலைகீழ். அங்கே ஆட்டோ போகஸே வேண்டாம்! ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த நிலையில் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்க மாட்டோம், உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் போகஸ் பிடிப்போம். ஆகையால் கையால் திருப்பும் பழைய லென்ஸே போதும், அதுதான் மலிவும். நிகானின் 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ இதில் பெயர் பெற்றது. தானாகவே 1:2 வரை போகும். மோட்டார் இல்லாத சின்னப் பாடியில் மீட்டர் வேலை செய்யாது. மேனுவலில் வைத்து, ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சரிசெய்தால் தீர்ந்தது. ஒரு குறை உண்டு: இந்த லென்ஸில் பிளேடுகளில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொள்ளும். அபர்ச்சர் லீவரைச் சுண்டிப் பார்த்தால் பிளேடு பட்டென்று திரும்ப வேண்டும், சோம்பேறித்தனமாக நகர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அதற்கும் காசில்லையா? ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம், சில நூறு ரூபாய்தான். அபர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் ஏறக்குறைய 1:1 வந்துவிடும், 28 மி.மீ. மாட்டினால் அதைவிட இரண்டு மடங்கு. எக்ஸ்டென்ஷன் டியூபிலும் கணக்கு சுலபம்: டியூப் நீளத்தை லென்ஸ் நீளத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் போட்டால் அரை மடங்கு. வெளிச்சம் குறையும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். 1:1இல் எஃப் 8 என்பது எஃப் 16 போலத்தான் நடந்துகொள்ளும்.

"பூச்சி, எறும்பு படம் எடுத்து என்னடா பண்ணப் போறே?" என்று கேட்பவர்களுக்கு: பிராஜக்ட் ரிப்போர்ட்டில் வெல்டிங் விரிசல் என்று ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம்! எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். டூல் முனைத் தேய்மானம், மறையின் பிசிறு, உடைந்த ஷாஃப்டின் முகம், இதெல்லாம் மேக்ரோ இல்லாமல் வராது.

பழைய லென்ஸைப் பரிசோதிப்பதில் நாம் மற்ற கல்லூரிக்காரர்களை விட ஒரு படி மேல் என்பேன். போகஸ் வளையத்தில் பேக்லாஷ் இருக்கிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று நம் கைக்குத் தெரியும். நறநற என்றால் உள்ளே மணல். ஸ்க்ரூ தலை சிராய்த்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். வீட்டில் தினசரியின் நடுப்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலையில் ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதற்காகத் திருப்பித் தர இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் டார்ச். லென்ஸின் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி நாலு தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போல் கிளை விட்டிருந்தால் பங்கஸ். பால் படிந்தது போல் இருந்தால் மூட்டம். "படத்துல தெரியாது" என்பார்கள். நம் கடற்கரையில் தெரியும்! சூரியன் கடலிலிருந்து எழும் கரை இது. காலையில் கரையில் நின்று எடுத்தால் வெயில் நேராக லென்ஸுக்குள் வரும், மூட்டம் உள்ள லென்ஸில் படம் முழுக்க வெள்ளைத் திரை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஆனால் கடற்காற்று கிளம்பி அலை கலைந்துவிடுவதால், பையன்கள் காலையிலேயே இறங்குகிறார்கள். ஆக நமக்கு வாய்த்தது எதிர் வெயில்தான். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் மன்னிக்கலாம், பின் கண்ணாடியில் கீறல், உள்ளே பங்கஸ், இரண்டும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகும் எதிரி அதே ஈரக்காற்றுதான். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள், கண்ணாடியை அல்ல, உடம்பை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்தால் போதும். இ.இ.இ. நண்பர்களுக்கு இது பழகிய பொருள், டிரான்ஸ்பார்மர் பிரீதரில் இருக்கும் அதே நீல மணி. இளஞ்சிவப்பாக மாறினால் சூடு காட்டி உலர்த்தி மறுபடி போடலாம்.

நம் மன்றத்து போட்டோ கிளப் ஒரே ஒரு புது லென்ஸ் வாங்கலாம் என்று இந்த வருடம் பேசிக்கொண்டிருக்கிறது. அது பீரோவில் பூட்டிக் கிடக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், நமக்குத் தெரியாதா! அந்தப் பணத்தில் பழைய 55-250 இரண்டு, ஒரு மைக்ரோ, நான்கு ரிவர்ஸ் ரிங், ஒரு டப்பா சிலிகா ஜெல் வாங்குங்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக, சனிக்கிழமை சாயங்காலம் வாங்கினால் திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன் திருப்பித் தர ஏற்பாடு செய்யுங்கள். முதல் கையெழுத்து அந்தக் கோவளத்து ஜூனியரின் வகுப்புத் தோழன் போடட்டும். ஜூனியர் அலையில் இருப்பான், படம் எடுக்கக் கரையில் ஓர் ஆள் வேண்டுமே!