உலகம் ஏற்கும் சான்றிதழ் எது?

எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா வட்டாரப் பெற்றோர் பலர் கேட்பது இதுதான்: “வெளிநாட்டிலும் செல்லுபடியாகிற படிப்பு எந்தப் பள்ளியில் இருக்கிறது?” அனைத்துலகப் பள்ளி விளம்பரங்களில் ஐ.பி. என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கட்டணத்தைக் கேட்டு மலைத்துத் திரும்புவோரும் உண்டு.

ஐ.பி. (இன்டர்நேஷனல் பெக்கலோரியட்) அமைப்பு 1968இல் ஜெனிவாவில் தொடங்கப்பட்டது. அதன் டிப்ளோமா இரண்டாண்டுப் படிப்பு. ஆறு பாடங்கள், பாடத்துக்கு 7 புள்ளி. 4,000 சொல் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளி, மொத்தம் 45. தரமான படிப்புதான். ஆனால் தனியார் பள்ளியில் ஆண்டுக்குப் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். மலாக்கா நகரின் பெய் ஃபோங் இடைநிலைப்பள்ளியில் எழுதும், சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளின் பொதுத் தேர்வான யு.இ.சி. சான்றிதழுக்கும் வெளிநாடுகளில் மதிப்புண்டு. அங்கே சீனமொழியில் படிக்க வேண்டும் என்பதால், தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது பொருந்துவது அரிது.

நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஆறாம் படிவம். அதன் மாணவர்கள் எழுதும், 1982 முதல் நடக்கும் எஸ்.டி.பி.எம். தேர்வை பிரிட்டன் உட்படப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏ லெவலுக்கு இணையாக ஏற்கின்றன. அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. “ஆறாம் படிவம் கஷ்டம்” என்ற பயம் பழைய முறையிலிருந்து வந்தது. அப்போது எல்லாமே கடைசித் தேர்வில் அடங்கியிருந்தது. 2012 முதல் ஒன்றரை ஆண்டில் மூன்று தவணைகளாகத் தேர்வு நடக்கிறது. சறுக்கிய தவணையை மீண்டும் எழுதவும் வழியுண்டு. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

மஸ்ஜிட் தானா, லொண்டாங்கில் உள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரியில் ஓராண்டில் படிப்பை முடித்துவிடலாம். ஆனால் அது முதன்மையாக உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நோக்கியது. வெளிநாட்டு எண்ணம் இருந்தால், சேர நினைக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

உலக அங்கீகாரம் சான்றிதழைச் சார்ந்தது. ஜாசினில் எழுதினாலும் கோலாலம்பூரில் எழுதினாலும் எஸ்.டி.பி.எம். ஒன்றே. பள்ளிக்குப் பள்ளி மாறுவது என்னென்ன பாடங்கள் நடக்கின்றன, யார் நடத்துகிறார்கள், விடுதி உண்டா, தோட்டத்திலிருந்து போய்வர பஸ் இருக்கிறதா என்பவைதாம். தமிழ் எல்லா ஆறாம் படிவ மையங்களிலும் கிடைக்காது. அறிவியல் பிரிவும் அப்படியே. எனவே பள்ளியின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் பாடப் பட்டியலைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான முடிவு ஒன்று முன்னதாகவே எடுக்கப்பட்டுவிடுகிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை நான்காம் படிவத்தில் வேதியியலையும் உயிரியலையும் விட்டுவிட்டால், பிறகு எந்தச் சான்றிதழைத் தேடியும் பெரிதாகப் பயனில்லை. ஆகவே பெற்றோர் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம், பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருக்கும்போதே.