மார்த்தா மீது நாம் தொடுத்த வழக்கு

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 16ஆம் ஞாயிறன்று, நம் ஆலயங்களில் ஒரு பெண் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தின் இறுதி ஐந்து வசனங்கள் வாசிக்கப்படுகின்றன. குருவானவர் மறையுரை ஆற்ற வருகிறார். மார்த்தா உலகக் கவலையின் உருவம், மரியா இறைவேண்டலின் உருவம் என்று தீர்ப்பு வழங்குகிறார். மார்த்தாவைப்போல் இராதீர்கள் என்று முடிக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே தீர்ப்பை நானும் வழங்கி வந்திருக்கிறேன். இனி வழங்கமாட்டேன். என் உடன்குருக்களும் வழங்கலாகாது என்று வாதிடவே இதை எழுதுகிறேன்.

2025 ஜூலை 20 அன்று திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலருகே ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் நின்றிருந்தார். மணமாகாதவர். பக்கவாதத்தால் படுத்த படுக்கையான தாயைப் பதினோரு ஆண்டுகளாகப் பேணி வருபவர். தங்கை துறவற சபையொன்றில் சேர்ந்து வடமாநிலம் ஒன்றில் பணிபுரிகிறார். ஆண்டுக்கு ஒருமுறை, பத்து நாள் விடுமுறையில் வருவார். இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

"சாமி, இன்றைக்கு நீங்கள் என் தங்கையைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தீர்கள். ஊரில் எல்லாரும் அவளைத்தான் மரியா என்பார்கள். அப்படியானால் நான் மார்த்தாதானே? ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்த்தாவும் கையைத் துடைத்துவிட்டு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு இயேசு சாமிக்குச் சோறு யார் போட்டிருப்பார்கள்?"

குருமடத்தில் படித்ததை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரிங்க சாமி, அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம்" என்று சொல்லிப் போய்விட்டார். நான் சொன்ன விடை அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை என்பதை அவர் நடந்து சென்ற வேகமே எனக்கு உணர்த்தியது.

நம் தீர்ப்புக்கு நற்செய்தியில் ஆதாரம் உண்டா? மார்த்தாவின் பணியைக் குறிக்க லூக்கா கையாளும் கிரேக்கச் சொல் 'தியாக்கோனியா'. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் பந்தியில் பரிமாறுவதற்கும், இறைவார்த்தைப் பணிக்கும் அதே லூக்கா அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆகவே அடுப்படி வேலை அவருக்கு இழிவன்று. ஆண்டவர் கடிந்துகொள்வது அவளுடைய கவலையையும் கலக்கத்தையும். சமையலை நிறுத்து என்று அவர் கட்டளையிடவில்லை. அவள் பெயரை இருமுறை சொல்லி அழைக்கிறார். அது அன்பின் அழைப்பு. சீமோனையும் சவுலையும் அவ்வாறே அழைத்தார்.

நாம் கவனிக்கத் தவறுவது மற்றொன்று. மார்த்தா தன் தங்கையிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருப்பவளைப் பற்றி விருந்தினரிடம் முறையிடுகிறாள். அவளுக்குச் சொல்லும்படி அவரையே தூண்டுகிறாள். உடன்பிறந்தார் இடையிலான பழைய நோய் இது. நேரே பேசவேண்டியதை மூன்றாமவர் வழியாகப் பேசுவது. இயேசு அந்தத் தூதுவர் வேலையை ஏற்க மறுத்தார். நாமோ மறையுரை மேடையிலிருந்து அதை விருப்பத்தோடு ஏற்று, தங்கையின் பக்கம் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

இத்தவறுக்கு நீண்ட வரலாறு உண்டு. செயல் வாழ்வு, தியான வாழ்வு என்று இருவரையும் பிரித்துக் காட்டும் விளக்கம் ஒரிஜன் காலத்திலிருந்தே தொடர்கிறது. புனித அகுஸ்தினார் மார்த்தாவின் பங்கும் நல்லதே, மரியாவின் பங்கு அதனினும் மேலானது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். நாம் அந்த அளவைக் காக்கவில்லை. பாப்பரசர் பெரிய கிரகோரியார் 591இல் ஆற்றிய மறையுரையில் பெத்தானியா மரியாவையும் மகதலா மரியாவையும் ஒருவராக்கினார். அதன் விளைவு, அக்காளுக்குத் தனித் திருநாள்; தங்கைக்கோ தன் பெயரில் ஒரு நாளும் இல்லை. 2021இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 29ஆம் நாளை மார்த்தா, மரியா, இலாசர் மூவரின் நினைவாகவும் பொது நாள்காட்டியில் சேர்த்தார். ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களை ஒரே நாளில் அமரவைக்கத் திருச்சபைக்கே இத்தனை நூற்றாண்டுகள் பிடித்தன.

மறுபுறம், மார்த்தாவை உயர்த்த மரியாவைத் தாழ்த்துவோரும் இருக்கிறார்கள். மார்த்தா முதிர்ந்தவள், மரியா இன்னும் பாடம் கற்கும் மாணவி என்று மெய்ஸ்டர் எக்கார்ட் உரைத்தார். இதுவும் வேறொருத்தியைக் கூண்டில் ஏற்றுவதே. இருவரும் சேர்ந்தாலொழிய ஆண்டவரை வரவேற்க முடியாது என்று அவிலா புனித தெரேசா 1577இல் எழுதியதே நேரான வழி.

அந்த வழியை யோவான் நற்செய்தி காட்டுகிறது. இரு நற்செய்தியாளரின் மரபுகள் வேறு என்பதை அறிவேன். லூக்கா ஊரின் பெயரையும் சொல்லவில்லை, இலாசரையும் குறிப்பிடவில்லை. எனினும் இருவரும் வரைவது அதே இரு சகோதரிகளைத்தான். தம்பி இறந்து நான்கு நாளாயிற்று. மார்த்தா எழுந்து ஊருக்கு வெளியே ஓடுகிறாள். மரியா வீட்டிலேயே இருக்கிறாள். ஆண்டவரைத் தனித்தனியே சந்திக்கும் இருவரும் ஒரே மனக்குறையை ஏறக்குறைய ஒரே சொற்களில் சொல்கிறார்கள்: அவர் உடனிருந்திருந்தால் இந்தச் சாவு நேர்ந்திராது என்று. அந்த நான்கு நாளும் அவ்விரு பெண்களும் அச்சொற்களை ஒருவருக்கொருவர் எத்தனை முறை சொல்லி அழுதிருப்பார்கள்! குணத்தால் எத்துணை வேறுபட்டாலும், துயரத்தில் ஒரே மொழி பேசுகிறவர்கள் உடன்பிறந்தவர்கள்.

அதன்பின் மார்த்தா திரும்பி வந்து, தங்கையைத் தனியே அழைத்து, போதகர் அவளைத் தேடுகிறார் என்று காதோடு சொல்கிறாள். ஒருநாள் அவர் காலடியிலிருந்து தங்கையை எழுப்பப் பார்த்தவள், இன்று தானே அவளை அக்காலடிக்கு அனுப்புகிறாள். அடுத்த அதிகாரத்து விருந்திலும் மார்த்தா பரிமாறுகிறாள், மரியா விலையுயர்ந்த தைலத்தை அவர் காலில் பூசுகிறாள். 300 தெனாரியம் வீணாயிற்றே என்று முணுமுணுப்பவன் யூதாசு. மார்த்தா வாய் திறக்கவில்லை. மீட்பரை மெசியா என்றும் இறைமகன் என்றும் அறிக்கையிட்டவளும் இந்தச் சமையற்கட்டுப் பெண்ணே என்பதை எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்?

அந்தத் தங்கை விடுமுறையில் வந்தபோது வீட்டுக்குச் சென்றேன். அவருக்கும் ஒரு குறை இருந்தது. "அக்கா என்னை ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடுவதில்லை, சாமி. அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது என்று எனக்குத் தெரியாது. பிறந்த வீட்டில் நான் விருந்தாளி." அக்காள் அடுப்படியில் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். இடையில் நிற்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நமக்குள் சொல்ல வேண்டியது உண்டு. துறவியின் வெள்ளி விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் நிம்மதியாகப் பணிசெய்ய வீட்டில் தாயைப் புரட்டிப் படுக்கவைத்தவரைக் கடைசி வரிசையில் விட்டுவிடுகிறோம். தகுந்த காரணம் இருப்பின், உயர் தலைவி தம் ஆலோசனைக் குழுவின் இசைவோடு ஒரு துறவிக்கு ஓராண்டுவரை இல்லத்துக்கு வெளியே தங்க அனுமதி தரலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 665. படுக்கையில் கிடக்கும் தாயைவிடத் தகுந்த காரணம் எது? சபைத் தலைவியர் அந்த அனுமதியைத் தாராளமாக வழங்கட்டும். பங்குத்தந்தையரோ நற்கருணையோடு அவ்வீடுகளுக்குச் செல்லும்போது, நோயாளியோடு நில்லாமல், பேணுகிறவரையும் சற்று உட்காரச் சொல்லட்டும். அந்நேரம் கஞ்சி கிண்ட வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டு.

2028இல் அந்த நற்செய்தி மீண்டும் வாசிக்கப்படும். அன்றும் அந்த அம்மையார் முன்வரிசையிலோ பின்வரிசையிலோ அமர்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் மறையுரையில் சொல்லாதிருப்போம்.