எஸ்எம்எஸ் அனுப்பினா தொலைஞ்ச போன் லாக் ஆகுமா? முதல் அரை மணி நேரத்தில் எதை முதலில் செய்யணும்?

போன் தொலைந்துவிட்டால் ஒரு நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும், போன் எங்க இருக்குனு தெரிஞ்சிடும், உடனே லாக்கும் ஆகிடும். இப்படி ஒரு ஃபார்வர்டு நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி சுற்றுகிறது. இதற்கு முன்னாடி இதே கதை வேற வடிவத்தில் வந்தது. ஐஎம்இஐ நம்பரை ஒரு இமெயிலுக்கு அனுப்பினால் 24 மணி நேரத்தில் போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் என்றார்கள். உண்மை என்ன?

நேரடியா சொல்லிடலாம். எஸ்எம்எஸ் மூலம் போனை லாக் பண்ண முடியும். இருக்கும் இடத்தைக்கூட கேட்டு வாங்க முடியும். ஆனா, போன் உங்க கையில் இருக்கும்போதே அதற்கான ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்க வேண்டும். தொலைந்த பிறகு மெசேஜ் தட்டினால் போனைக் கண்டுபிடித்து, பூட்டியும் கொடுக்கும் பொது நம்பர் எதுவும் இந்தியாவில் கிடையாது.

நோக்கியா காலத்திலேயே இருந்ததுதான்

இது புது விஷயம் இல்லை. 2000-களின் பிற்பாதியில் வந்த நோக்கியா ஈ சீரிஸ் போன்களில் 'ரிமோட் லாக்' என்ற செட்டிங் இருந்தது. 5 முதல் 20 எழுத்துக்குள் ஒரு ரகசிய வாசகத்தை நாமே எழுதி வைக்கணும். போன் காணாமல் போனால், வேறு யாருடைய போனில் இருந்தாவது அந்த வாசகத்தை நம்ம நம்பருக்கு மெசேஜாக அனுப்பினால் போன் பூட்டிக்கொள்ளும். நெட் தேவையில்லை, டவர் இருந்தால் போதும். அதே காலத்தில் சாம்சங் போன்களில் 'மொபைல் டிராக்கர்' வந்தது. திருடியவர் வேறு சிம் போட்டால், நாம் கொடுத்து வைத்திருந்த நம்பருக்கு அந்தப் புது சிம்மில் இருந்தே ஒரு மெசேஜ் வந்துவிடும். வீட்டில் பழைய போன் வைத்திருக்கும் மாமாக்களைக் கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கும்.

ஆண்ட்ராய்டு வந்த பிறகும் இப்படிப்பட்ட ஆப்கள் நிறைய இருந்தன. 2018 அக்டோபரில் கூகுள் ஒரு முடிவு எடுத்தது. எல்லா ஆப்களும் எஸ்எம்எஸ் படிக்கக் கூடாது என்று பிளே ஸ்டோர் விதிகளை இறுக்கியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மெசேஜைப் படிக்க ஒரு ஆப்புக்கு வழி விட்டால், அதே வழியில் உங்க ஓடிபி-யும் வெளியே போகும். அதோடு எஸ்எம்எஸ்-ஐ நம்பி இருந்த பல ஆப்கள் அந்த வசதியைக் கைவிட்டன. இப்போதும் எஃப்-ட்ராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஸ்டோரில் 'எஃப்எம்டி' என்ற ஆப் கிடைக்கிறது. நீங்க அனுமதித்த நம்பரில் இருந்தோ, நீங்க வைத்த பின்னை சேர்த்தோ மெசேஜ் அனுப்பினால் போன் ஒலிக்கும், பூட்டும், இடத்தைச் சொல்லும். ஆனா பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கி, அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கணும். டெக்னிக்கலா கொஞ்சம் பழக்கம் இருப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். இன்னொன்று, சிம்மைக் கழற்றிவிட்டால் எந்த எஸ்எம்எஸ்-ஸும் போய்ச் சேராது.

இப்போ இருக்கும் வழி என்ன?

ஆண்ட்ராய்டில் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்'. 2025 மே மாதம் வரை 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று இருந்ததுதான் பெயர் மாறியிருக்கிறது. ஐபோனில் 'ஃபைண்ட் மை'. இரண்டிலும் போனை மேப்பில் பார்க்கலாம், பூட்டலாம், கடைசி வழியாக உள்ளே இருப்பதை அழிக்கலாம். ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு மேப்பில் தேட முடியாது, அதனால அவசரப்பட்டு அதை அழுத்திடாதீங்க.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கு. வேறு போனில் உங்க கூகுள் கணக்கில் நுழையும்போது, "உங்கள் போனுக்கு வந்த நோட்டிஃபிகேஷனில் 'ஆம்' என்பதை அழுத்தவும்" என்று கேட்கும். எந்த போன்? தொலைந்த அதே போன்! இதற்குத்தான் 2024-ல் கூகுள் 'ரிமோட் லாக்' கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற பக்கத்துக்குப் போய், போன் நம்பரை மட்டும் கொடுத்து ஒரு சின்ன சரிபார்ப்பை முடித்தால் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு தேவையில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் மேலே உள்ள போன்களில் வேலை செய்யும். ஆனா இதையும் முன்கூட்டியே ஆன் செய்து, நம்பரை வெரிஃபை செய்து வைக்கணும். போன் நெட்டில் இருக்கணும்.

ஐபோன்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஐகிளவுட் தளத்தில் போனைத் தேட மட்டும் இரண்டாம் கட்ட கோட் கேட்காது. பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கணும், அவ்ளோதான்.

சிம்மை முதலில் பிளாக் பண்ணலாமா?

இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. போன வருஷம் எங்க அம்மா ஊரில் இருந்து சென்னை வரும்போது பஸ்ஸிலேயே போனை விட்டுட்டாங்க. கிளாம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ ஏறின பிறகுதான் தெரிந்தது. பதற்றத்தில் நான் முதலில் செய்தது கஸ்டமர் கேருக்கு அழைத்து சிம்மை பிளாக் பண்ணினதுதான். அரை மணி நேரம் கழித்து, பேக்கப் கோட் தேடிப் பிடித்து லாகின் ஆனால், மேப்பில் கடைசியாகக் காட்டிய இடம் கிளாம்பாக்கம். அந்தப் புள்ளி அதற்குப் பிறகு நகரவே இல்லை. சிம் போனதும் மொபைல் டேட்டா போச்சு. போனைத் தேட இருந்த நூலை நானே அறுத்துவிட்டேன்.

அப்போ சிம்மை விட்டு வைக்கலாமா? அதுவும் ஆபத்து. போனைப் பூட்டினால் சிம் பூட்டிக்கொள்ளாது. அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்க ஓடிபி எல்லாம் அங்கே போகும். யுபிஐ பின்னை மாற்ற டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் எக்ஸ்பயரி தேதியும் ஓடிபி-யும் இருந்தால் போதும். நம்மில் எத்தனை பேர் ஏடிஎம் கார்டை போன் கவருக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறோம்? பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

அதனால என் கணக்கு இதுதான். முதல் பத்து நிமிஷம் போனைப் பூட்டவும் மேப்பில் பார்க்கவும். பத்து நிமிஷத்தில் முடியவில்லை என்றால் மேப்பை மறந்துவிட்டு வங்கிக்கும், சிம் கம்பெனிக்கும் அழையுங்கள். கூட யாராவது இருந்தால் ஒருவர் வங்கிக்கு அழைக்கும்போதே இன்னொருவர் போனைப் பூட்டலாம். போன் விலை சில ஆயிரம், கணக்கில் இருப்பது அதைவிட அதிகமாக இருக்கும். வங்கிக்குச் சொன்ன நேரம் ரொம்ப முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம்ம கவனக்குறைவே காரணமாக இருந்தாலும், தகவல் கொடுத்த பிறகு நடக்கும் இழப்புக்கு வங்கிதான் பொறுப்பு. புகார் எண்ணையும் நேரத்தையும் ஒரு பேப்பரில் எழுதி வையுங்க. பணம் ஏற்கனவே போயிருந்தால் 1930-க்கு அழைக்கணும்.

அரசு செய்வது லாக் இல்லை, பிளாக்

சிஇஐஆர் என்ற பெயரை போலீஸ் செய்திகளில் கேட்டிருப்பீங்க. மாவட்ட எஸ்பி அலுவலகத்தில் மேஜை நிறைய போன்களை அடுக்கி உரியவர்களிடம் ஒப்படைக்கும் போட்டோ வருமே, அதன் பின்னால் பெரும்பாலும் இந்தத் தளம்தான். மத்திய தொலைத்தொடர்புத் துறையுடையது. 2019-ல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' தளத்தோடு நாடு முழுக்க வந்தது.

இதில் பதிவு செய்தால் போனின் ஐஎம்இஐ கருப்புப் பட்டியலில் சேரும். இந்தியாவில் எந்த கம்பெனி சிம் போட்டாலும் சிக்னல் கிடைக்காது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் உங்களுக்கும், புகார் கொடுத்த காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். ஆனா போனின் ஸ்கிரீனை இது பூட்டாது. வைஃபையில் போன் வழக்கம்போல ஓடும். உள்ளே இருக்கும் போட்டோவும் அப்படியே இருக்கும். மேப்பும் உங்களுக்குக் கிடைக்காது, போய் மீட்க வேண்டியது போலீஸ்தான். நாட்டைவிட்டு வெளியே போன போனுக்கு இந்த பிளாக் பொருந்தாது.

2025 நவம்பர் 28 அன்று, எல்லா புது போன்களிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே ஏற்றித் தரணும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போனது. வெளியே தெரிந்ததும் 'அரசு வேவு பார்க்கப் போகிறது' என்று எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 3-ல் கட்டாயம் கைவிடப்பட்டது. அந்தரங்க உரிமை பற்றிய கேள்வி நியாயமானதுதான். ஆனா அந்த ஒரு வார விவாதத்தில், தொலைந்த போனின் சொந்தக்காரருக்கு இந்த முறை எவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

என்ன சிக்கல்? முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கணும். பிறகு அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கணும், ஏன்னா பதிவுக்கான ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். ஆனா சிம் மோசடியைத் தடுக்க, மாற்று சிம் வாங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்பது விதி. விதி நல்ல விதிதான், பணத்தைக் காப்பாற்றுகிறது. விளைவு என்னவென்றால், காலையில் தொலைந்த போனை அன்றைக்கே பிளாக் பண்ண முடியாது. போனைப் பறிகொடுத்தவர் ஒரு எஸ்எம்எஸ்-ஸுக்காக ஒரு நாள் காத்திருக்கணும். தினக்கூலிக்குப் போகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை.

அப்போ அந்த எஸ்எம்எஸ் நம்பர்?

ஃபார்வர்டில் வரும் 14422 என்ற நம்பர் உண்மையானதுதான். வேலைதான் வேற. ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தையும், ஒரு இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐ-யையும் அனுப்பினால், அந்த போன் சரியானதா, கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது, காசு கொடுக்கும் முன் கடையிலேயே நின்று இதை அனுப்பிப் பாருங்க. திருட்டு போனை வாங்கி மாட்டுவதில் இருந்து தப்பிக்க சுலபமான வழி. ஐஎம்இஐ-யை மாற்றுவது தனிக் குற்றம், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை.

இன்னைக்கு ராத்திரியே செய்யக்கூடியது

*#06# அழுத்தி ஐஎம்இஐ-யை எடுத்து போனுக்கு வெளியே எங்கேயாவது எழுதி வையுங்க. போன் வாங்கின பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீங்க, அதில் அச்சிட்டிருக்கும். கூகுள் செட்டிங்கில் 'தெஃப்ட் புரொடெக்‌ஷன்' போய் ரிமோட் லாக்கை ஆன் செய்யுங்க. கூகுளின் பேக்கப் கோடுகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்க. லாக் ஸ்கிரீனில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாமல் மறைத்து வையுங்க. சிம்முக்கும் ஒரு பின் போடலாம், ஆனா மூன்று முறை தப்பாக அடித்தால் பியுகே கோட் கேட்கும், கவனம். அப்பா அம்மா போனில் இதையெல்லாம் அவங்களா செய்ய மாட்டாங்க, ஊருக்குப் போகும்போது நீங்கதான் செஞ்சு கொடுக்கணும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. போன் தொலைந்த சில நாளில், "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் பாருங்கள்" என்று மாற்று சிம்முக்கு ஒரு எஸ்எம்எஸ் வரலாம். குறிப்பா ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு. லிங்க்கைத் திறந்தால் ஆப்பிள் பக்கம் மாதிரியே ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்கும். பூட்டிய ஐபோனை அந்த பாஸ்வேர்டு இல்லாமல் அவர்களால் விற்க முடியாது, அதனாலதான் உங்களையே கேட்கிறார்கள். போன் கிடைத்ததா என்று பார்க்க 'ஃபைண்ட் மை' பக்கத்தை நீங்களே டைப் செய்து திறங்க.