ஊதுகுழல் கேட்கும் கேள்வி



பீடியைத் தொட்டறியாத தாய், பத்தடி நடந்ததும் மூச்சிரைத்துத் திண்ணையில் சாய்கிறாள். "முதுமை" என்கிறான் மகன்; "விதி" என்கிறது ஊர். முதுமையுமன்று, விதியுமன்று, எம்பிசீமா எனும் நோயாக இருக்கக் கூடும்!

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள். அவற்றின் மெல்லிய சுவர்களைப் புகை அரிக்கிறது. அறைகள் சிதைந்து ஒன்றாகின்றன; உட்புகுந்த காற்று வெளியேற இயலாது சிறைப்படுகிறது. இடிந்த சுவர் மீண்டும் எழுவதில்லை!

புகையிலை முதற்பகைவன். நாற்பதாண்டு ஊதுகுழலோடு குனிந்தவளுக்கோ, விறகடுப்பே பகைவன். சுரங்கத் தூசு அவற்றின் கூட்டாளி.

இந்நோயை உள்ளடக்கிய நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், 2021-இல் உலகில் 35 இலட்சம் உயிர்களைக் குடித்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்நோயால் எழுபது வயதுக்குள் மாண்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் ஏழை, நடுத்தர வருவாய் நாட்டினர்!

கண்டறிய வழியில்லையா? உண்டு! ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை ஜான் ஹட்சின்சன் 1846-இலேயே உலகுக்கு அறிவித்தார். அடைப்பை அது காட்டும், சிதைவை சி.டி. படம் காட்டும்.

நாற்பதாண்டு நமக்காக அடுப்பை ஊதினாள் அன்னை. ஒரே ஒருமுறை அவளுக்காக அக்கருவியில் ஊதச் செய்வோம்! ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் அதனைக் கேட்டுப் பெறுவோம்!