வீடு கொடுக்கக் கடன் ஏடு வேண்டுமா?

கற்பிட்டியில் வீடு வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். முன்பு குடியிருந்தவர் ஐந்து மாத வாடகையைத் தராமலே போய்விட்டாராம். ஆகவே, இனி வருபவரின் கடன் கணக்கைக் 'கிரிப்' எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தில் பெற்றுப் பார்த்த பின்னரே வீட்டைக் கொடுக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். அவருடைய நட்டத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. ஓய்வூதியத்தோடு வாடகையையும் நம்பிக் காலந் தள்ளும் குடும்பங்கள் இக்கரையில் உள. ஆயினும், அவர் நாடும் மருந்து நோய்க்கு ஏற்றதன்று.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அப்பணியகம். கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பார்ப்பதற்காகவே அது ஏற்பட்டது. ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பெறலாம். வீட்டுக்காரர் பெற முடியாது. "நீரே எடுத்து வாரும்" என்று வற்புறுத்துவது சட்டம் அடைத்த கதவைக் கொல்லைப்புறத்தால் திறப்பதாகும். அமெரிக்காவில் இவ்வழக்கம் உண்டே என்பர். உண்டு. ஆனால் அங்கே, அறிக்கையைக் காரணமாகக் கொண்டு வீட்டை மறுப்பவர் அதனை மறுக்கப்பட்டவருக்கு அறிவித்தல் வேண்டும். பிழையிருப்பின் அவர் அதைத் திருத்தக் கோரலாம். 1970ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு அது. பாதுகாப்பை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் இறக்குமதி செய்வது எந்த நியாயம்?

அவ்வறிக்கைதான் என்ன கூறும்? தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்க வாடி மாறிச் செல்லும் மீனவரும், வெங்காயம் விற்ற அன்றே கடைக் கடனைத் தீர்க்கும் தோட்டக்காரரும் வங்கியிற் கடன் படாதவராயின், அவர்தம் நாணயம் அதில் இராது. கடன் பட்ட விவசாயியின் நிலை இன்னும் பரிதாபம். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது, விளைச்சல் வீழ்ந்தது, தவணை தவறியது. தவறு அரசினுடையது, பதிவோ விவசாயியின் பெயரில்! அந்த அரசே 2022 ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. நாடே தவணை தவறிய பின், ஒண்ட இடம் கேட்கும் குடிமகனிடம் மாசற்ற ஏடு கேட்பதா?

பணியகச் சட்டம் பிறந்த அதே 1990இன் ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் விரட்டினர். தமிழரின் பெயரால் நடந்த அக்கொடுமைக்கு நாம் தலைகுனிகின்றோம். அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களிற் கற்பிட்டியில் இறங்கினர். உடுத்த உடையோடு வந்தவர்களுக்கு இக்கரை மக்கள் சோறும் இடமும் கொடுத்தார்கள். அன்று கடன் ஏடு கேட்டிருந்தால் எத்தனை பேர் கூரையின் கீழ் உறங்கியிருப்பர்?

அப்படியாயின் வீட்டுக்காரர் ஏமாறுவதா? வேண்டியதில்லை. முன்பு குடியிருந்த வீட்டாரிடம் விசாரியுங்கள். தொழில் செய்யும் இடத்திற் கேளுங்கள். நியாயமான முற்பணம் பெறுங்கள். மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அனைத்தினும் முக்கியமாக, உடன்படிக்கையை நொத்தாரிசு முன் எழுதுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அவ்வாறு எழுதப்படாவிடின் செல்லுபடியாகாது. நம்மிடம் வந்த அன்பர் ஈராண்டு உடன்படிக்கை ஒன்றைப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். இரு சாட்சிகள் ஒப்பமிட்டிருந்தனர். நொத்தாரிசின் ஒப்பம் இல்லை.

பிறர் கடனைத் துருவ முற்பட்டவர் தம் கையிலுள்ள தாளைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரே, முதலில் அதைப் பாருங்கள். குடியிருக்க வருவோரே, நொத்தாரிசு எழுதாத நெடுங்குத்தகையை நம்பி முற்பணத்தைக் கொட்டாதீர்கள். முறையான ஒப்பந்தம் இருவருக்கும் காவல். கடன் ஏடோ ஏழையின் முகத்தில் அடைக்கப்படும் கதவு. அக்கதவை இக்கரையில் நாட்ட நாம் இடங்கொடோம்.