குப்பையையும் சேர்த்துப் படம் எடுங்கள்

உலகம் சுற்றிப் படம் எடுக்கிற ஆக்கள் திருகோணமலைக்கு வந்தால் மூன்று படம் கட்டாயம்: கோட்டையடியில் புள்ளிமான், புறாமலையில் சுறா, ஆழ்கடலில் நீலத்திமிங்கிலத்தின் வால். லிங்கநகரில் இருக்கிற எங்களுக்குப் படம் எடுப்பதில் கோபமில்லை. எடுக்கிற விதத்தில்தான் கோபம்.

மான் கிட்ட வரவேணும் என்று பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். பையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். மான் அசைபோடுகிற விலங்கு. விழுங்கின பொலித்தீன் செரிக்காமல் இரைப்பையை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தபடியே அது பட்டினியில் சாகும். 2017இல் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது, பொலித்தீன் ஒழியவில்லை.

புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கேயும் முருகைக்கல்லில் ஏறி நின்று போஸ். பெயரில்தான் கல், அது உயிர். ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர வருடக்கணக்காகும்.

“சுற்றுலாவாலதானே ஊர் பிழைக்குது?” என்று கேட்பார்கள். சரி, மானும் முருகையும் செத்தால் எதைக் காட்டிப் பிழைக்கிறது?

அடுத்தமுறை மானின் காலடியில் கிடக்கிற பையைப் படத்திலிருந்து வெட்டாதீர்கள். அதையும் சேர்த்தே பதிவிடுங்கள். பிறகு குனிந்து அதைப் பொறுக்குங்கள்.