முகமூடி மூச்சைத் திருடுமா?

தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தாலுகாவைச் சேர்ந்த ஊர். "சிப்காட்" தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. பிரெஞ்சு நாட்டு டயர் கம்பெனியான மிஷெலின் தொழிற்சாலையும் இங்கேதான். சென்னைக்குக் குடிதண்ணீர் தருவதற்காக இங்கே கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21-ந் தேதி திறக்கப்பட்டது. அது கொரோனா காலம்.

வேலை செய்யும் இடங்களில் எல்லாரும் முகத்தை மூடவேண்டும் என்று 2020 ஏப்ரலில் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. அந்தக் கட்டாயம் இன்று இல்லை. ஆனால் தூசியும் புகையும் உள்ள வேலைகளுக்கு முகமூடி இன்றும் தேவைப்படுகிறது.

"இதை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்கினால் மூச்சு முட்டுகிறதே! உடம்பு கெடாதா?" தொழிலாளர் வீடுகளில் எழும் கேள்வி இது.

பிராணவாயு குறையுமா?

குறையாது. தூசி பெரியது, பிராணவாயு அணு மிகமிகச் சிறியது. "என் 95" என்ற முகமூடி, ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள தூசியில்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடித்துவிடும். பிராணவாயுவும் கரியமில வாயுவும் அதைவிட ஆயிரம் மடங்கு சிறியவை. சல்லடையில் தண்ணீர் போவதுபோல அவை போய் வருகின்றன.

சைக்கிள் சோதனை

கனடாவின் சஸ்காட்சவான் சர்வகலாசாலையில் 2020-ல் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான 14 பேர் சைக்கிள் யந்திரத்தை, களைத்து ஓயும்வரை மிதித்தார்கள். துணி முகமூடி, ஆஸ்பத்திரி முகமூடி, முகமூடி இல்லாமல் என்று மூன்று விதமாகவும் மிதித்தார்கள். ரத்தத்தில் பிராணவாயு குறையவில்லை. மிதிக்கும் சக்தியும் குறையவில்லை.

அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 12 ஆண்களைச் சோதித்தார்கள். அங்கே வேறு முடிவு கிடைத்தது. "என் 95" போன்ற கெட்டி முகமூடி போட்டபோது, முழுப் பலத்துடன் உழைக்கையில் உடம்பு எடுத்துக்கொள்ளும் பிராணவாயு சுமார் 13 சதவிகிதம் குறைந்தது!

இரண்டும் மெய்தான். மெல்லிய முகமூடி அவ்வளவாகத் தடுக்காது. கெட்டி முகமூடி, கடும் உழைப்பில் மட்டும் தடுக்கும்.

பின் ஏன் முட்டுகிறது?

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிஷத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை இழுக்கிறார். பாரம் சுமப்பவருக்கு 50 லிட்டருக்கு மேலும் வேண்டும். அவ்வளவு காற்றையும் துணி வழியே இழுக்க, மார்புத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. முகமும் சூடாகிறது. அந்தச் சூட்டையே பலர் மூச்சுத் திணறல் என்று உணர்கிறார்கள். வியர்வையில் நனைந்த முகமூடியோ இன்னும் மோசம். காற்று போகும் வழியை ஈரம் அடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

நனைந்த முகமூடியை மாற்றுங்கள். கடும் வேலைக்கு நடுவே, தூசி இல்லாத நிழலில் முகமூடியைக் கழற்றி ஓய்வு எடுங்கள். தண்ணீர் குடியுங்கள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றல் வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். கடுமையான தேகப்பயிற்சியின்போது முகமூடி வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2020-ல் சொன்னது.

ஆனால் தூசிக்கு நடுவே முகமூடியைக் கழற்றி எறிவது தவறு! மூச்சு முட்டுவது ஓய்வெடுத்தால் தீரும். நுரையீரலில் படிந்த தூசி தீராது.

முதல் கடமை யாருக்கு?

தூசி எந்த இடத்தில் கிளம்புகிறதோ, அதற்கு அருகிலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அதுவே நல்ல வழி. காற்றைச் சுத்தமாக வைப்பது முதலாளியின் வேலை. அதன் பிறகும் மிஞ்சும் தூசிக்குத்தான் முகமூடி. இந்த வரிசை தலைகீழானால், தொழிற்சாலை செய்யவேண்டிய வேலையைத் தொழிலாளியின் மார்பு செய்யவேண்டி வரும்!